சுரங்க ரயிலில் இடம் பிடித்த கதை

1

செஞ்சிக் கடைத்தெருவில் என்னைப் பற்றி இரண்டு கட்சி இருப்பதாக அண்ணன் எழுதியிருக்கிறார். லண்டனில் ஒரு வெள்ளைக்காரியோடு குடித்தனம் வைத்துக்கொண்டேன், அதனால்தான் பெண்டாட்டி பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டேன் என்பது முதல் கட்சி. வேலை போய்விட்டது, சோற்றுக்கு வழியில்லை, அதனால் அனுப்பிவிட்டேன் என்பது இரண்டாவது கட்சி. முதல் கட்சிக்காரர்கள் என்னை ரொம்ப உயர்வாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வந்தனம். நாற்பத்தைந்து வயதில், இந்தத் தொப்பையோடும், மிச்சமிருக்கும் இந்த முடியோடும் நான் நடந்து போனால், எங்கள் தெருப் பூனைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரோஜாவும் மகள் வசந்தாவும் ஊர் திரும்பி இந்தக் கார்த்திகையோடு ஒரு வருஷம் ஆகிறது. உண்மைக் காரணத்தைச் சொல்லிவிட்டால் இரண்டு கட்சியும் கலைந்துபோகும், மத்தியான வேளையில் கடைக்காரர்களுக்குப் பொழுது போகாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் சுரங்க ரயிலில் இடம் பிடித்தேன். அதனால்தான்.

2

முதலில் என் ஸ்டேஷனைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

நம் செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையைப் பெயர்த்தெடுத்து, உச்சி கீழே வரும்படி தலைகீழாகப் பூமியில் சொருகினால் என்ன கிடைக்குமோ, அதுதான் என் ஸ்டேஷன். கோட்டைக்கு நாம் மூச்சிரைக்க ஏறிப் போகிறோம். இங்கே மூச்சிரைக்காமல் இறங்கிப் போகிறார்கள். அங்கே உச்சியில் காற்று, இங்கே அடியில் காற்று. ரயில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குகைக்குள்ளிருந்து ஒரு காற்று தள்ளிக்கொண்டு வரும். தொப்பி வைத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தலைக்குக் கொண்டுபோவார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது, ஏதோ சாமி வருகிறது, கும்பிடுகிறார்கள் என்று நானும் கையெடுத்தேன்.

தெருவில் பார்த்தால் கருஞ்சிவப்பு ஓடு பதித்த முகப்பு. உள்ளே டிக்கெட் கூடம். கூடத்தின் ஓரத்தில் ஒரு மரக் கூண்டு, அதற்குள் ஒரு முக்காலி. வெளியே போகிறவர்களிடம் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என் சிங்காசனம் அது. ஊரில் இதைக் ‘கலெக்டர் வேலை’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். முன்னால் ஒரு வார்த்தை விட்டுப்போனதற்கு நான் பொறுப்பில்லை.

கூண்டைத் தாண்டினால் நகரும் படிக்கட்டுகள். மரப்படிகள் தாமாகவே இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். அடியில் ஒரு சின்னக் கூடம். அதற்கு இடப்பக்கம் ஒரு நடைமேடை, வலப்பக்கம் ஒரு நடைமேடை. போகிற ரயிலுக்கு ஒன்று, வருகிற ரயிலுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் குறுக்கு வழிகள். இதுதான் எல்லாரும் பார்க்கிற ஸ்டேஷன்.

எல்லாரும் பார்க்காத ஸ்டேஷன் ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது. பழைய ராஜா ஒருவர் காலத்தில் இதைத் தோண்டியபோது நகரும் படி கிடையாது, லிப்ட் மட்டும்தான். கூட்டம் பெருகி லிப்ட்டுக்கு அடங்காமல் போனதும் வேறு பக்கமாகத் தோண்டிப் படியைப் போட்டார்கள். பழைய லிப்ட்டுக்குப் போகும் வழியை இரும்புக் கிராதி போட்டுப் பூட்டிவிட்டார்கள். உள்ளே சுவரில் பழைய விளம்பரங்கள் கிழிந்து தொங்குகின்றன. பக்கத்தில் கிணற்றுச் சுவரைச் சுற்றுவது போல ஒரு சுழல்படி, ஆபத்துக் காலத்துக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். யுத்தத்தில் குண்டு விழுந்தபோது ஊர் ஜனங்கள் ராத்திரியில் பாயும் தலையணையுமாக இங்கேதான் இறங்கி வந்து நடைமேடையில் படுத்தார்களாம். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டரின் அம்மாகூட அப்படிப் படுத்தவர்தான். பகைவன் வந்தால் நம் ராஜாக்கள் மலைமேல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள், இவர்கள் பூமிக்குள் இறங்கிக்கொண்டார்கள். பயத்துக்கு மேலென்ன, கீழென்ன.

இன்னொரு சங்கதி. ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் ஓடு பதித்திருப்பது ஒவ்வொரு விதம். எழுத்துத் தெரியாதவர்களும் அதைப் பார்த்தே இன்ன ஸ்டேஷன் என்று கண்டுகொள்ளத்தான் அப்படிச் செய்தார்கள் என்று இங்கே சொல்வார்கள். எங்களுடையது பால் வெள்ளையில் பச்சைக் கரை. புடவை மாதிரி இருக்கும். அதை வைத்துத்தான் நான் திட்டம் போட்டேன்.

3

திட்டம் எதற்கென்றால், சரோஜாவை இங்கேயே நிறுத்தி வைப்பதற்கு.

நான் முதலில் தனியாக வந்தவன். அண்ணனும் நானும் ஒரே பாத்திரக்கடையில் உட்கார்ந்து, வந்த வாடிக்கைக்காரரை இருவரும் ஒரே சமயத்தில் வரவேற்றுக்கொண்டிருந்தோம். அது பிடிக்காமல் கிளம்பினேன். சில வருஷம் கழித்து, இங்கே வந்த ஊர்க்காரர் ஒருவர் துணையோடு அவர்களை வரவழைத்தேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள் குடியேற்ற ஆபீசில். பந்தியில் சாப்பிட்டவர்கள் செஞ்சி முதல் அனந்தபுரம் வரை இருக்கிறார்கள், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். அதிகாரி சிரிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, அதற்கு ஒரு வக்கீல் கையெழுத்து வாங்கி, அந்த வக்கீல் வக்கீல்தான் என்பதற்கு இன்னொருவர் கையெழுத்து வாங்கி, ஒருவழியாக நான் சரோஜாவின் புருஷன் என்று ராணியின் அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

வந்து இறங்கிய அன்றைக்கே சரோஜா சொல்லிவிட்டாள். “ஒரு வருஷம் பாக்குறேன். புடிச்சா இருக்கேன். புடிக்கலன்னா என்னைய அனுப்பிடணும். அப்புறம் சிரிப்பு காட்டக் கூடாது.”

சரி என்றேன். சிரித்துக்கொண்டே.

எங்களுக்கு மாடியில் ஒரே அறை. வசந்தா பள்ளிக்கூடம் போனாள். மழைக்காலம் முடிவதற்குள் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தாள். குளிர்காலம் முடிவதற்குள் தமிழ் பேசுவதை விட்டாள். அம்மா தமிழில் கேட்பாள், இவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நடுவில் நான் துபாஷி. நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் டாடி என்றாள். என் இங்கிலீஷைக் கேட்டு, ஒன்பது வயசுக் குழந்தை, வீட்டுக்கு வந்த சிநேகிதி முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் நான் ஒரு தமாஷாக்கி ஸ்டேஷனில் எல்லாருக்கும் சொன்னேன்.

சரோஜா வெளியே போகவில்லை. பஸ்ஸில் போனால் எங்கே இறங்குவதென்று தெரியாது. சுரங்க ரயில் என்றால், செத்த பிறகு போக வேண்டிய இடத்துக்கு இப்போதே எதற்கு என்பாள். பகலெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். வருஷம் முடிய முடிய நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ? என்னிடம் ஒரே ஒரு துருப்புச் சீட்டுதான் இருந்தது. இவ்வளவு தூரம் தனியாக எப்படிப் போவாய், எனக்கு லீவு கிடைக்காது, துணைக்கு யாரும் இல்லை. அதைச் சொன்னால் அவள் பேசாமல் இருந்துவிடுவாள். அதை நான் பல தடவை சொன்னேன்.

ஆனால் பயத்தால் ஒருத்தியை எத்தனை நாள் கட்டி வைக்க முடியும்? ஒரு நாள் புத்தி வந்தது. சுரங்க ரயிலில் போய்வர இவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், சந்தைக்குப் போவாள், பூங்காவுக்குப் போவாள், நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வேறு பேட்டையில் இருக்கிறார்கள், அவர்களைப் பார்ப்பாள். ஊர் பிடித்துப்போகும். பச்சைக் கரை வந்தால் இறங்கு, அவ்வளவுதான் பாடம்.

4

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினோம். எனக்கு அன்று வேலை இல்லை. ஆனாலும் கோட்டு, டை எல்லாம் கட்டிக்கொண்டேன், என் ராஜ்யத்தைக் காட்டப் போகிறேன் அல்லவா. கூண்டில் அன்று தாமஸ் இருந்தான். டிரினிடாட்காரன், என் கூட்டாளி. எழுந்து நின்று சரோஜாவுக்கு சலாம் போட்டான்.

நகரும் படியில் காலை வைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வசந்தா கையைப் பிடித்தாள். இறங்கும் வழியெல்லாம் நான் ஸ்டேஷன் வரலாற்றை நடத்திக்கொண்டே வந்தேன். ராஜா, லிப்ட், யுத்தம், பாய் தலையணை எல்லாம். சரோஜா புடவையைப் பற்றியபடி, “வாய மூடிக்கினு வாங்க, எனக்குப் படி தெரியல” என்றாள். நடைமேடைச் சுவரில் பதித்த ஓடுகளைத் தொட்டுக் காட்டினேன். பச்சைக் கரை. அவளும் தொட்டுப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்குது” என்றாள். ஒரு வருஷத்தில் இந்த ஊரைப் பார்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது குகையிலிருந்து காற்று வந்தது. ரயில் வந்து நின்றது.

இந்த இடத்தில் நம் ஊர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை பஸ் வந்து நிற்கும். ஆண்பிள்ளை என்ன செய்வான்? பெண்டாட்டி, பிள்ளை, மூட்டை எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு முன்னால் ஓடுவான். ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவான், முட்டி மோதி ஏறுவான், இடத்தைப் பிடித்துவிட்டு, வா வா என்று உள்ளேயிருந்து கையாட்டுவான். அவர்கள் கூட்டமெல்லாம் ஏறிய பிறகு நிதானமாக வந்து உட்காருவார்கள். தீபத்துக்குப் போகும் கூட்டத்தில்கூட நான் மூன்று பேருக்கு இடம் பிடித்தவன். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து நடைமுறை அதுதான். நான் ஓடுவேன், அவள் நிற்பாள்.

ஓடினேன்.

சுரங்க ரயிலில் வேலை பார்க்கிறவன், கதவு தானாக மூடிக்கொள்ளும் என்று தினம் நாலு பேருக்குச் சொல்கிறவன், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு கிழவரும் அவருடைய நாயும் தவிர யாருமே இல்லாத பெட்டியில் பாய்ந்து ஏறினேன். கழுத்திலிருந்த மப்ளரை உருவி மூன்று இடத்தை வளைத்துப் போட்டேன். நிமிர்ந்து, வா வா என்று கையாட்டினேன்.

கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரோஜா நின்றுகொண்டிருந்தாள், எப்போதும் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போலவே, கூட்டம் ஏறி முடியட்டும் என்று. வசந்தா வாயைத் திறந்து ஏதோ கத்தியது தெரிந்தது. பச்சைக் கரை நகர்ந்தது. அப்புறம் இருட்டு.

நாய் என்னையும் மப்ளரையும் மாறி மாறிப் பார்த்தது.

5

அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் என் மனசு செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சரோஜா அடுத்த ரயிலில் ஏறுகிறாள். எங்கே இறங்குவதென்று தெரியாமல் கடைசி வரை போகிறாள். இருட்டுகிறது. போலீஸ் வருகிறது. நான் அவலூர்பேட்டையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் மச்சானுக்குத் தந்தி கொடுக்கிறேன். உங்கள் தங்கையையும் மருமகளையும் பூமிக்குள் தொலைத்துவிட்டேன், மன்னிக்கவும். தந்திக்கு எத்தனை வார்த்தை ஆகும் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. மச்சான் கப்பலேறி வந்து என்னை உதைப்பது வரை பார்த்துவிட்டேன்.

இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, திரும்பி வரும் ரயிலைப் பிடித்து என் ஸ்டேஷனுக்கு வந்தேன். குறுக்கு வழியில் பாய்ந்து அந்த நடைமேடைக்குப் போனேன். யாரும் இல்லை.

இரண்டு நடைமேடையும் இந்தக் கோடி அந்தக் கோடி ஓடினேன். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், சரோஜா பெஞ்சுக்கடியில் போய் எதற்குப் படுக்கப் போகிறாள் என்று இப்போது தோன்றுகிறது. தண்டவாளத்தை எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு சுண்டெலி இருந்தது. சுழல்படியில் ஏறினேன். சுற்றிச் சுற்றிப் பாதி ஏறியதும் நெஞ்சு அடைத்தது. நகரும் படிக்கே பயந்தவள் இதில் எப்படி ஏறியிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்ப இறங்கினேன்.

கடைசியில் அந்தப் பழைய வழிக்குப் போனேன். கிராதி பூட்டித்தான் இருந்தது. பூட்டிய கிராதிக்குள் யாரும் போக முடியாது. ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து, “சரோஜா” என்று கூப்பிட்டேன். குரல் உள்ளே போய், எங்கெங்கோ முட்டி, வேறு யாரோ கூப்பிடுவது போலத் திரும்பி வந்தது. மறுபடி கூப்பிட்டேன். இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் நான் உரக்க ஒரு தமிழ் வார்த்தையைச் சொன்னதில்லை. அறையில்கூட, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி கேட்டுவிடுவாள் என்று அடங்கித்தான் பேசுவோம். பூமிக்கு அடியில் நின்று என் பெண்டாட்டி பேரைக் கத்தினேன். பதில் இல்லை. அப்போதுதான், சிரிப்பு வராமல், ஒரு யோசனை வந்தது. இவள் இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் யாரைக் கூப்பிடுவேன்?

பின்னால் காலடிச் சத்தம். தாமஸ். எங்கெல்லாம் தேடுவது உன்னை என்று திட்டிக்கொண்டே வந்தான். உன் மனைவி உன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மேலே போ என்றான்.

6

கூண்டுக்குள், என் முக்காலியில், புடவைக்கு மேல் ஓவர்கோட்டுப் போட்டுக்கொண்டு சரோஜா உட்கார்ந்திருந்தாள். மேலே வந்த பயணிகள் அவளிடம் டிக்கெட்டை நீட்டினார்கள். அவள் ஒவ்வொன்றையும் கோயிலில் பிரசாதம் வாங்குவது போல வலது கையை நீட்டி, இடது கையால் முழங்கையைத் தாங்கி வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி பதிலுக்குத் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். பக்கத்தில் வசந்தா அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

நடந்தது இவ்வளவுதான். ரயில் போனதும், அத்தனை இங்கிலீஷும் தெரிந்த வசந்தா ஓவென்று அழுதுவிட்டாள். இங்கிலீஷே தெரியாத சரோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ரயிலிலிருந்து இறங்கியவர்கள் எந்தப் பக்கம் போனார்களோ அந்தப் பக்கம் போய், நகரும் படியில் தானே காலை வைத்து ஏறி, தாமஸைப் பார்த்ததும் நின்றிருக்கிறாள். அவன் முக்காலியைக் கொடுத்துவிட்டு என்னைத் தேட இறங்கியிருக்கிறான்.

நான் ஒரு தமாஷ் சொல்ல வாயைத் திறந்தேன். சம்பளத்தில் பாதி உனக்கு என்பது போல ஏதோ. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி குடிங்க, மூச்சு வாங்குது” என்றாள்.

அன்று ராத்திரி அறையில், வசந்தா தூங்கிய பிறகு, சரோஜா பேசினாள். சண்டைக்காரக் குரலே இல்லை.

“நீங்க போனதும் செத்துடுவேன்னு நெனைச்சேன். நின்னு பாத்தேன். பயம் வரல.”

“நான்தான் செத்தேன்” என்றேன்.

“தெரியும். சிரிப்பு காட்டாதீங்க.” தூங்கும் வசந்தாவின் போர்வையை இழுத்துவிட்டாள். “பஸ்ஸுக்கு ஓடற மாதிரியே இந்த ஊருக்கும் முன்னாடி ஓடியாந்தீங்க. எடம் புடிச்சாச்சு, வா வான்னு கையாட்டனீங்க. நானும் வந்தேன். அந்த எடத்துல உக்கார எனக்கு இஷ்டமான்னு இன்னி வரைக்கும் கேட்டீங்களா?”

நான் கழுத்திலிருந்த டையை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

“நீங்க சிரிக்க வெச்சிட்டு வேலைக்குப் போயிடறீங்க. அப்புறம் இந்த ரூம்புல நாந்தான் இருக்கேன். பேச ஆளில்ல. பெத்த பொண்ணு பேசறது புரியல.” புடவைத் தலைப்பை மடித்தாள். “தனியா எப்படிப் போவ, தனியா எப்படிப் போவன்னு கேட்டுக்கினே இருந்தீங்க. இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. போயிடுவேன். சீட்டு வாங்கிக் குடுங்க.”

அவள் இங்கே இருக்க வேண்டும் என்றுதான் நான் அவளைப் பூமிக்குள் அழைத்துப் போனேன். பாடம் நன்றாகவே ஏறிவிட்டது.

நானும் வந்துவிடட்டுமா என்று கேட்டேன். வந்து என்ன செய்வீர்கள், அண்ணனோடு கடையில் உட்காருவீர்களா என்று கேட்டாள். முடியாது என்று இருவருக்கும் தெரியும். வற்புறுத்தி நிறுத்தியிருக்கலாம். அவள் நின்றிருப்பாள், நிற்கப் பழகியவள். அதனால்தான் இரு என்று சொல்லவில்லை.

7

துறைமுகத்தில் நல்ல குளிர். பெட்டியைக் கொடுத்தாகிவிட்டது, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தாகிவிட்டது. எந்த வரிசை என்று சரோஜாவே பார்த்து நின்றுகொண்டாள். நான் வருத்தத்தை வெளிக்காட்டாமல் தலைமுடியைத் தடவிக்கொண்டிருந்தேன். வேளைக்குச் சாப்பிடுங்கள், முட்டைக்கோசு மட்டும் தின்னாதீர்கள் என்றாள். மச்சானிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். “எனக்குப் புடிக்கல, வந்துட்டேன்னுதான் சொல்லுவேன். வேற இன்னா?” என்றாள். அப்படித்தான் சொல்லியும் இருக்கிறாள். ஒரு பெண்பிள்ளை தனக்குப் பிடிக்கவில்லை என்று கிளம்பி வர முடியும் என்பதைக் கடைத்தெரு நம்பவில்லை. அதனால்தான் அந்த வெள்ளைக்காரியை உண்டாக்கினார்கள்.

வசந்தா வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தையும் சிநேகிதியையும் விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. என்னோடு பேசவே இல்லை. வரிசை நகர்ந்தது. சரோஜா முன்னால் நடந்தாள். அவள் முன்னால் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வசந்தா பின்னாலேயே போனவள், கயிற்றுத் தடுப்பிலிருந்து ஓடி வந்து என் கோட்டைப் பிடித்தாள்.

“நைனா, நீ எப்ப வருவ?”

பல மாதமாக அந்தக் குழந்தை வாயிலிருந்து வராத தமிழ். சுத்தமாக, செஞ்சித் தமிழ்.

குனிந்து அவள் தொப்பியைச் சரி செய்தேன். “சூன்” என்றேன், இங்கிலீஷில். “வெரி சூன், மை டியர்.”

தமிழில் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கோட்டை விட்டுவிட்டு அம்மாவிடம் போனாள்.